முதல் நாவலை யாரிடம் கொடுப்பது? கடலூர், புதுச்சேரி எழுத்தாளருக்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

நாவலை எழுதி முடித்தவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மாதத்தில் புத்தகம் கைக்கு வரும்?" என்பதைத்தான். இந்த வட்டாரத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. நான் வேறொன்றைக் கேட்பேன்: அச்சுக்குப் போவதற்கு முன்னால் இதை யார் பென்சிலோடு உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்?

வழிகள் நான்கு. பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம். பணம் கட்டி ஒரு பதிப்பகத்தின் பெயரில் கொண்டுவரலாம். சொந்தமாக அச்சிடலாம். பிரதிலிபி என்ற இணையக் கதைத்தளத்திலோ, மின்நூலாக அமேசானின் கிண்டிலிலோ ஏற்றலாம். வேகத்தைப் பார்த்தால் கடைசி வழிதான் ஜெயிக்கும், இன்று ராத்திரியே ஏற்றிவிடலாம். மரியாதை என்று பார்த்தால் முதல் வழி. நான் எடிட்டிங்கையும் உரிமையையும் முன்னால் வைத்து ஒப்பிடுகிறேன். அட்டையை அடுத்த பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம், விலையையும் மாற்றலாம். திருத்தாமல் வெளியான முதல் நாவலையும், யோசிக்காமல் போட்ட கையெழுத்தையும் திரும்ப வாங்குவது கஷ்டம்.

பதிப்பகம் ஏற்றுக்கொண்டு வெளியிடுவது

சென்னையில் இருந்தால்தான் பதிப்பகம் திரும்பிப் பார்க்கும் என்ற எண்ணம் இங்கே பலருக்கு உண்டு. விருத்தாசலம் பக்கத்துக்காரரான இமையம் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அவருடைய முதல் நாவலை 1994இல் க்ரியா வெளியிட்டது. வரி வரியாக எடிட் செய்வதற்குப் பெயர் வாங்கிய பதிப்பகம் அது. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதும் இமையத்துக்குக் கிடைத்தது. ஊர் ஒரு தடையாக இல்லை.

எடிட்டிங் என்றால் ஒற்றுப்பிழை பார்ப்பது என்று நினைப்பவர்கள் அதிகம். அது என் வேலை. எடிட்டர் செய்வது வேறு. கடலூர் முதுநகரில் நடக்கும் ஒரு கதையில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "மே மாத வெயிலில் விசைப்படகுகள் வரிசையாகக் கடலுக்குப் போவதை முருகன் பார்த்துக்கொண்டிருந்தான்." இலக்கணம் சரி, எழுத்துப்பிழை இல்லை. மெய்ப்புப் பார்ப்பவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். நல்ல எடிட்டர் நிறுத்துவார். மே மாதம் மீன்பிடித் தடைக்காலம் ஆயிற்றே! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. கதை 2017க்கு முன்பு நடக்கிறது என்றால் தடை 45 நாள்தான், மே 29ஓடு முடிந்துவிடும். ஆகவே ஓரத்தில் எழுதுவார்: "எந்த வருடம்? மே கடைசியா? இல்லை, நாட்டுப்படகா?" அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதுவார்: "முருகனும் கடலுக்குப் போகிறவன்தானே? எல்லோரும் போகும்போது இவன் ஏன் கரையில் நிற்கிறான்?" இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் எழுத்தாளருக்கு அந்த அத்தியாயமே பிடிபடும்.

பண்ருட்டிப் பக்கம் 2012 கோடையில் அடர்ந்த முந்திரித் தோப்பில் காதலர்கள் சந்திக்கிறார்கள் என்று எழுதினாலும் இதே கதிதான். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் அங்கே முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டிருந்தது. தெரிந்த வாசகர் அந்த இடத்தில் புத்தகத்தை நம்புவதை நிறுத்திவிடுவார்.

இப்படிப் படிக்க ஆளுள்ள பதிப்பகம் கிடைத்தால் எவ்வளவு காத்திருந்தாலும் தகும் என்பது என் கருத்து. எல்லாப் பதிப்பகமும் இப்படிச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்ப நினைக்கும் பதிப்பகத்தின் கடந்த இரண்டு மூன்று வருட நாவல்களில் புதியவர்கள் எழுதியவற்றை வாங்கிப் படியுங்கள். எடிட்டர் கை பட்டிருக்கிறதா என்பது நாற்பது பக்கத்தில் தெரிந்துவிடும்.

பணம்? ராயல்டி பொதுவாக விலையில் பத்து சதவீதம். 300 ரூபாய் நாவல் 300 பிரதி விற்றால் எழுத்தாளருக்கு 9,000 ரூபாய். ஒரு காலத்தில் முதல் பதிப்பே ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி என்று போட்டார்கள். டிஜிட்டல் அச்சு வந்தபிறகு சில நூறோடு நிறுத்திக்கொண்டு, தேவைப்படும்போது மறுபடி அடிக்கிறார்கள். பொது நூலகங்களுக்குப் பிரதிகள் வாங்கும் தமிழ்நாடு அரசின் நூலக ஆணை கிடைத்தால் கணக்கு கொஞ்சம் மாறும். எப்படிப் பார்த்தாலும் இதை நம்பி வேலையை விட முடியாது.

பணம் கட்டிக் கொண்டுவருவது

இந்த வழியைத்தான் நான் கடைசியில் வைப்பேன். பணம் கட்டுவது கேவலம் என்பதால் அல்ல. நீங்கள் கொடுக்கும் தொகைக்கு என்ன கிடைக்கிறது என்பது மங்கலாகவே இருக்கும், அதனால்தான். "எடிட்டிங், வடிவமைப்பு, அட்டை, ஐஎஸ்பிஎன், விற்பனை எல்லாம் சேர்த்து" என்று ஒரே தொகையாகச் சொல்வார்கள். அந்த எடிட்டிங் பெரும்பாலும் மென்பொருள் காட்டும் பிழைகளைத் திருத்துவதோடு முடிந்துபோகிறது. ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. விற்பனை என்பது இணையக் கடையில் ஒரு பக்கம். நாவல் எந்தப் புத்தகக் கடையின் அலமாரியிலும் இருக்காது, யாராவது கேட்டால் அச்சாகும்.

இப்படி வந்த ஒரு நாவலை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஔகாரமெல்லாம் உடைந்து, "சௌந்தரம்" என்ற கதாநாயகி பெயர் புத்தகம் முழுக்க "செளந்தரம்" என்றே அச்சாகியிருந்தது. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். இரண்டாவதில் இருப்பது தனி ளகரம், இணையத்தில் சரியான பெயரைத் தேடினால் அகப்படாது. அச்சுக்கு முன் ஒருவர்கூட முழுதாகப் படிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அவர் கட்டிய பணமோ சின்னத் தொகை இல்லை.

அப்புறம் ஒப்பந்தம். "எல்லா உரிமைகளும்" என்று ஒரு வரி இருக்கும். அதில் மொழிபெயர்ப்பு, ஒலிநூல், சினிமா எல்லாம் அடங்கிவிடும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள். எழுத்தில், கையெழுத்தோடு இல்லாத உரிமை ஒப்படைப்பு செல்லாது. எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த எல்லை என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். கொடுத்த உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரை, அது காலாவதியாகும். இது நான்கு வழிக்கும் பொருந்தும். பணமும் கொடுத்து உரிமையும் கொடுக்கும் நிலைமை இந்த வழியில்தான் வருகிறது என்பதால் இங்கே சொல்கிறேன்.

சொந்தமாக அச்சிடுவது

அதே தொகை கையில் இருந்தால் நீங்களே அச்சிடலாம். பிரதிகள் உங்களுடையவை, உரிமை உங்களுடையது, யார் எடிட் செய்வது என்பதும் உங்கள் தீர்மானம். ஐஎஸ்பிஎன்னுக்குத் தனிநபரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஐம்பதாயிரம் சொல் நாவல் டெம்மி அளவில் ஏறத்தாழ 240 பக்கம் வரும். அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரு ஃபாரம் என்று கணக்கிடுவார்கள், ஆக 15 ஃபாரம். 243 பக்கத்தில் முடிந்தால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட வேண்டிவரும். முன்னுரையைக் குறைத்து உள்ளே அடக்குவது இதனால்தான். எல்லாப் பிரதியும் அச்சாவதற்கு முன் ஒரு மாதிரிப் பிரதி கேட்டு வாங்குங்கள். திரையில் கண்ணில் படாத பிழை தாளில் படும்.

வெளியிடுபவர் என்ற முறையில் ஒரு கடமையும் உண்டு. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். நம் புத்தகம் கன்னிமாராவில் நிரந்தரமாக இருக்கும் என்பதே போதும், சந்தோஷமாக அனுப்பலாம்.

கஷ்டம் விற்பனையில். கடைக்காரர்கள் முப்பது, நாற்பது சதவீதம் கழிவு கேட்பார்கள், விற்றபிறகுதான் பணம் வரும். தபாலில் அனுப்பலாம் என்றால், பதிவு நூல் அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுபோனபின் செலவு கூடிவிட்டது. வெளியீட்டு விழா, புத்தகக் கண்காட்சி, கல்லூரித் தமிழ்த்துறை என்று நீங்களே சுமந்து போக வேண்டும். வங்கி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் நடுவில் எழுதுகிறவர்களுக்கு இது முடியாது. ஓய்வுபெற்று, ஊரில் நாலு பேரைத் தெரிந்தவர்களுக்கு முடியும். அவர்களுக்கு இதையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: பட்ஜெட்டில் முதல் தொகை எடிட்டருக்கு, பிறகுதான் அட்டைக்கு.

பிரதிலிபியும் கிண்டிலும்

இவை இரண்டையும் ஒன்றாகச் சொல்வது வழக்கம். உண்மையில் ஒன்றுக்கொன்று போட்டி. 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபியில் தொடராக எழுதலாம். வாரம் இரண்டு அத்தியாயம் என்று நமக்கு நாமே கணக்கு வைத்துப் போடுவது புதியவர்களுக்குப் பெரிய பயிற்சி. குடும்பக் கதை, காதல், திகில் எழுதுகிறவர்களுக்கு வாசகர்கள் கிடைக்கிறார்கள், தினமும் படித்துக் கருத்து எழுதுகிறார்கள். ஆனால் "அடுத்த பாகம் எப்போ சகோ?" என்பது அன்பு, எடிட்டிங் அல்ல. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு கொக்கி மாட்டிப் பழகினால், மெதுவாக நகர வேண்டிய நாவலின் நடை கெட்டுப்போகும் ஆபத்தும் இருக்கிறது.

கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் இருக்கிறது. முதலீடு தேவையில்லை. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்நூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது. அதாவது பிரதிலிபியில் ஏற்றியதை இறக்கியாக வேண்டும். பலர் இதைக் கவனிக்காமல் இரண்டிலும் வைத்துவிட்டு எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தபிறகு திண்டாடுகிறார்கள்.

இன்னொரு விஷயம், இணையத்தில் முழுதாக வந்த நாவலைப் பல போட்டிகள் ஏற்காது. ஆகவே எதை ஏற்றுவது என்று பிரித்துக்கொள்ளலாம். பதிப்பகத்துக்குப் போகவேண்டிய நாவலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வேறொரு கதையைத் தொடராக எழுதலாம்.

வார இதழ்த் தொடர்களில் புதியவர்களுக்கு இடம் அரிது. சிறுகதை அனுப்பத்தான் இதழ்கள் உதவும். இரண்டு மூன்று கதைகள் வந்திருந்தால் நாவலை அனுப்பும் கடிதத்தில் அது ஒரு வரியாக நிற்கும். 35 வயதுக்குள் இருப்பவர்கள் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருதை மனதில் வைத்துக்கொள்ளலாம், அதற்கும் புத்தகம் வந்திருக்க வேண்டும்.

என் தேர்வு

முதல் நாவலுக்கு முதல் வழி. ஒரு வருடம் அதற்கென்று ஒதுக்கி, கிடைக்காவிட்டால் சொந்த அச்சு. அந்த ஒரு வருடத்தில் எடிட்டருக்குப் பதிலாகப் படிக்க இரண்டு பேரைத் தேடுங்கள். ஒருவர் நிறைய நாவல் படிப்பவர். இன்னொருவர் உங்கள் கதைக்களத்தில் வாழ்பவர்: மீனவக் கதை என்றால் கடலுக்குப் போகும் ஒரு அண்ணன், நெய்வேலிக் கதை என்றால் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்த ஒரு மாமா. சரித்திரக் கதை எழுதுபவர்களுக்குப் புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது, 1736இலிருந்து கால் நூற்றாண்டு காலத்துப் புதுச்சேரி அதில் கிடைக்கும்.

அனுப்பும் காலமும் முக்கியம். பொங்கலை ஒட்டி வரும் சென்னை புத்தகக் காட்சிக்காகப் பதிப்பகங்கள் அக்டோபரிலிருந்து மூச்சுவிடாமல் ஓடும். அப்போது போய்ச் சேரும் பிரதியை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் அனுப்புங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பு, ஒரு பக்கக் கதைச் சுருக்கம், உங்களைப் பற்றி நாலு வரி போதும். ஒரே நேரத்தில் இரண்டு பதிப்பகத்துக்கு அனுப்பினால் அதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் பதில் வராவிட்டால் ஒருமுறை விசாரிக்கலாம். ஆறு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால், பிரதியை வேறு இடத்துக்கு அனுப்புவதாக ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு அடுத்த பதிப்பகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.