டோல்டன்ஹோர்ன் ஸ்கீ பயணம்: காசு கட்டமுன் இதை வாசியுங்கோ

சுவிஸில் ஸ்கீயோடு மலையேறத் தொடங்கியிருக்கும் எங்கட பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். "டோல்டன்ஹோர்ன், ஒருநாள் பயணம், ஆளுக்கு 290 பிராங், ஆகக்கூடியது நாலு பேர், தகுதிபெற்ற மலை வழிகாட்டி, சாமான் எல்லாம் எங்களுடையது" என்று ஒரு விளம்பரம் இந்த வசந்தத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. நானும் அக்காவின் மகளும் ட்வின்ட் என்ற கைத்தொலைபேசிக் கட்டணச் செயலியில் காசு கட்டிப் போனோம். அந்த விளம்பரத்தில் விலையைத் தவிர மற்றதெல்லாம் பொய். படத்தில் போட்டிருந்ததுகூட டோல்டன்ஹோர்ன் இல்லை, பக்கத்தில் நிற்கும் புளூமிலிசால்ப்.

மலையைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றின் அளவு விளங்காது. ஊரிலிருந்து யார் வந்தாலும் நாங்கள் கூட்டிக்கொண்டுபோய்ப் படமெடுக்கும் ஓஷினென் ஏரி இருக்கிறதே, அதற்குத் தெற்கே தலைக்குமேல் நிற்பதுதான் டோல்டன்ஹோர்ன். உயரம் 3638 மீட்டர். 1862இல் முதன்முதலாக ஏறியிருக்கிறார்கள். வில்ட்ஸ்ட்ரூபல் மாதிரி சனிக்கிழமைகளில் சனம் வரிசையாகப் போகும் மலை இல்லை இது. செங்குத்தான வடமேற்குச் சரிவு, மேலே பனியாறு, வெடிப்புகள், தப்பு விட்டால் நிற்க இடமில்லாத துண்டுகள். அதைவிட, அதன் சரிவில் ஸ்பிட்ஸே ஸ்டை என்ற பாறைப்பகுதி சில வருடங்களாக நகர்ந்துகொண்டிருக்கிறது. கருவிகள் வைத்துக் கண்காணிக்கிறார்கள், அந்தப் பக்கத்தில் சில இடங்கள் மூடப்பட்டிருக்கின்றன. மலைக்குப் போகும் வழக்கமான பாதையும் அந்தப் பக்கம்தான். விளம்பரத்தில் இதைப்பற்றி ஒரு சொல் இல்லை. முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டதற்கு "வழிகாட்டிக்குத் தெரியும்" என்று பதில் வந்தது.

சந்திக்கச் சொன்ன இடம் கண்டர்ஸ்டெக் ரயில் நிலையம், காலை ஏழு மணி. கண்டர்ஸ்டெக் இருப்பது 1176 மீட்டரில். அங்கிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 2460 மீட்டர் ஏற வேண்டும். நல்ல பயிற்சி உள்ளவர் மணிக்கு 400 மீட்டர் ஏறினால், நிற்காமல் போனாலே ஆறு மணித்தியாலம் தாண்டும். ஏழரைக்கு வெளிக்கிட்டால் உச்சியில் நிற்கும்போது பின்னேரம் இரண்டு மணி. வசந்தகாலத்தில் இதைச் செய்பவர்கள் முதல்நாளே மேலே போய்க் குடிசையில் படுப்பார்கள், அல்லது சாமத்தில் நெற்றி விளக்கோடு நடக்கத் தொடங்குவார்கள். இரவு உறைந்த பனி உறுதியாக இருக்கும்போது ஏறி, வெயில் அதை இளக்கமுன் இறங்கிவிட வேண்டும் என்பதுதான் முழுக்கணக்கும். டாவோஸில் இருக்கும் பனிச்சரிவு ஆய்வு நிலையமான எஸ்எல்எஃப் முதல்நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு விட்ட அறிக்கையிலும் பகல் ஏற ஏற ஈரப்பனிச்சரிவு ஆபத்து 3ஆம் நிலைக்குப் போகும் என்று தெளிவாக இருந்தது. காலையில் வழிகாட்டியிடம் அதைக் கேட்டேன். "காலையில் 2தானே" என்றார். நாங்கள் இறங்குவது காலையிலா?

நிலையத்தில் நின்றது நாலு பேர் இல்லை, ஏழு பேர். ஏழுக்கும் ஒரே வழிகாட்டி. வேன் கதவைத் திறந்து பிளாஸ்டிக் பெட்டிகளிலிருந்து சாமான் கொடுத்தார். பனியில் புதைந்தால் கண்டுபிடிக்க உதவும் எல்விஎஸ் கருவியை வாங்கியவுடன் மருமகள் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தாள். பற்றரி கசிந்து, கம்பிச்சுருளில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. திரையில் 38 வீதம். இன்னொருவருக்குக் கிடைத்ததில் சவள் இருந்தது, தேடுகம்பி இல்லை. புதைந்த ஆளைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் தப்பும் வாய்ப்புப் பெரிது. கருவியும் கம்பியும் சவளும் மூன்றும் எல்லோரிடமும் இருக்கவேண்டும் என்பது இதனால்தான்.

எல்லோரும் ஒவ்வொருவராக வழிகாட்டியைக் கடந்துபோக, கருவி அனுப்புகிறதா என்று அவர் பார்ப்பதுதான் எந்தப் பயணத்திலும் முதல் வேலை. அது நடக்கவில்லை. "மாமா, இவர் எல்விஎஸ் செக் பண்ணாமலே வெளிக்கிடுறார்" என்று அவள் காதுக்குள் சொன்னாள். நான் போய்ச் சொன்னதும், மனமில்லாமல் செய்தார். எங்களிடம் அவர் தானாகக் கேட்ட ஒரே கேள்வி "ரேகா கார்ட் இருக்குதா?" என்பது. ரேகா என்பது ஹெலிகொப்டர் மீட்பு அமைப்பு. அதன் ஆதரவாளர் அட்டை காப்புறுதி இல்லை, ஹெலிகொப்டர் செலவை வேறு யாரும் கட்டாதபோது ரேகா விட்டுக்கொடுக்கலாம், அவ்வளவுதான். வழிகாட்டி அதைப் பாதுகாப்புத் திட்டமாக நினைத்தால் என்ன சொல்ல?

காட்டைத் தாண்டி வெளியில் வந்ததும் சாமான் தன் குணத்தைக் காட்டியது. ஏறும்போது பின்னுக்கு வழுக்காமலிருக்க ஸ்கீக்கு அடியில் ஒட்டும் பட்டையான ஃபெல் எனக்குப் பின்பக்கமாகக் கழன்று கழன்று வந்தது. பசை செத்துப்போயிருந்தது. வழிகாட்டி சாம்பல்நிற டேப் சுற்றிவிட்டார், அடுத்த வளைவில் பனி புகுந்து டேப்போடு சேர்ந்து தொங்கியது. அதைவிட மோசம் ஹார்ஷ்ஐசன், உறைந்த பனியில் வழுக்காமலிருக்க பிணைப்புக்கு அடியில் மாட்டும் பல் வைத்த தகடு. அது ஸ்கீயின் அகலத்துக்குச் சரியாக இருக்கவேண்டும். எனக்குத் தந்ததில் 90 என்று பொறித்திருந்தது, ஸ்கீயின் நடுப்பகுதியோ 100 மில்லிமீட்டர். மாட்டவே ஏலாது. நிழல் பக்கம் பனி கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. கைத்தொலைபேசியில் சுவிஸ்டோப்போ என்ற அரசாங்க வரைபடத்தின் சரிவு நிறங்களைப் பார்த்தேன், நாங்கள் நின்ற இடம் செம்மஞ்சள். 35 பாகைக்கு மேல் என்று அர்த்தம்.

அங்கேதான் எங்களுக்கு முன்னே போன ஒரு பெண் வளைவில் திரும்பும்போது கால் வழுக்கிச் சறுக்கினார். கை, கோல், முகம் எல்லாம் பனியைப் பிடிக்கப் பார்த்து, கீழே இருந்த ஒரு பள்ளத்தில் நின்றார். பாறையில்லாத பக்கம் என்பதால் கையுறை கிழிந்ததோடு போனது. வழிகாட்டி மேலே நின்றபடி, "பரவாயில்லையா? வாங்கோ, மேலே பனி நல்லா இருக்கும்" என்றார். இறங்கிக்கூட வரவில்லை.

மருமகள் ஸ்கீயைக் குறுக்கே வைத்து நின்றுவிட்டாள். "நான் இறங்குறன் மாமா. நீங்களும் வாங்கோ." வழிகாட்டி சொன்னது: "இறங்கினால் உங்கள் பொறுப்பு." வழுக்கிய பெண்ணும் இன்னொருவரும் எங்களோடு சேர்ந்தார்கள். வழியில் ஏதும் நடந்தால் யாரைக் கூப்பிடுவது, எங்கே சந்திப்பது, ஒன்றும் இல்லை. நாங்கள் இறங்கும்போதே வெயில் பட்ட பக்கங்களில் பனி நனைந்து, பாறையடியிலிருந்து சின்னச் சின்னதாக உருண்டு வந்துகொண்டிருந்தது. மிச்ச மூன்று பேரோடு அவர் கொஞ்சத்தூரம் போய்ப் பனியாற்றுக்கு வரமுன்னரே திரும்பியதை நிலையத்தில் அறிந்தோம்.

அங்கே நேரே கேட்டேன், நீங்கள் பெர்க்ஃபூரரா, அதாவது தகுதிபெற்ற மலை வழிகாட்டியா என்று. ஒரு ஸ்கீ பாடசாலையின் அட்டையைக் காட்டினார். விஷயத்தின் மூலம் இதுதான். 2014இலிருந்து நடைமுறையில் இருக்கும் கூட்டாட்சிச் சட்டப்படி, மலையில் இப்படிக் காசுக்குக் கூட்டிப்போக அனுமதி வேண்டும், குறைந்தது 50 இலட்சம் பிராங் பொறுப்புக் காப்புறுதியும் வேண்டும். ஸ்கீ ஆசிரியருக்கும் ஒருவகை அனுமதி உண்டு, ஆனால் பனியாறு, கயிறு, கிராம்பன் (சப்பாத்தில் மாட்டும் இரும்புப் பல்) வரும் இடங்களுக்கு அது செல்லாது. டோல்டன்ஹோர்னில் மூன்றும் வரும். முழுத் தகுதியுள்ள வழிகாட்டியிடம் ஐவிபிவி என்ற சர்வதேசச் சங்கத்தின் சின்னமும் அடையாள அட்டையும் இருக்கும், கேட்டால் கோபிக்காமல் காட்டுவார்கள். அப்படியானவர் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 700 பிராங் எடுப்பார். நாலு பேர் பகிர்ந்தால் 290ஐவிடக் குறைவு! மலிவு என்று நினைத்துப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கோ.

காசைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில்: பயணம் நடைபெற்றது, நீங்கள் விரும்பி விலகினீர்கள், ஆகவே எதுவும் தர முடியாது. அதோடு, ஒட்டாத அந்த ஃபெல்லை நான் பழுதாக்கிவிட்டேனாம், 85 பிராங் பில். நல்லகாலம், மருமகள் கசிந்த பற்றரியையும், 90 பொறித்த தகட்டை ஸ்கீயோடு சேர்த்தும், ஏழு பேர் நிற்பதையும் படமெடுத்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பிறகுதான் தொனி மாறியது: பாதிக் காசு தருகிறோம், வெளியில் எதுவும் எழுதக்கூடாது. மறுத்துவிட்டோம்.

இங்கே ஒன்லைனில் வாங்கியதை ரத்துச்செய்யும் பொது உரிமை சட்டத்தில் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் இப்படி எழுதுகிறார்கள். ஆனால் சொன்ன சேவையைச் செய்யாதது வேறு விஷயம். 2000 பிராங் வரையான பிணக்கை, நாங்கள் கேட்டுக்கொண்டால், சமரச அலுவலகமே தீர்த்துவைக்கலாம், வக்கீல் தேவையில்லை. எங்கள் 580 பிராங்குக்கும் அங்கேதான் மனுக் கொடுத்திருக்கிறோம். அனுமதி இல்லாமல் கூட்டிப்போனதைக் கன்டோன் (மாநில) அரசுக்கும் தனியாக எழுதியிருக்கிறோம். இவை முடியும்வரை நிறுவனத்தின் பெயரை இங்கே போடமாட்டேன், பின்னூட்டத்தில் நீங்களும் போடவேண்டாம்.

இதே விளம்பரத்துக்குக் காசு கட்டியிருக்கிறவர்கள் ட்வின்ட் பற்றுச்சீட்டையும், அவர்கள் "ஆகக்கூடியது நாலு பேர்" என்று எழுதிய செய்தியின் ஸ்கிரீன்ஷொட்டையும் அழிக்காமல் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கோ. அன்றைக்கு எங்களோடு இறங்கிய இருவரும் சாட்சிக் கடிதம் தந்துவிட்டார்கள். மேலே போன மூவரில் யாராவது இதை வாசித்தால், உங்கள் கடிதமும் வேண்டும்.