ஏழாம் மாத அரிப்பும் காலமைன் லோஷனும்

கர்ப்பத்தின் 28-ஆவது வாரத்தில் வயிற்றுத் தோல் இழுபட்டு அரிக்கத் தொடங்கியது. பகலில் வேலையோடு வேலையாக மறந்துவிடுவேன். இரவில் படுத்தால் நகம் தானாக வயிற்றுக்குப் போகும். கர்ப்ப காலத்தில் பூசலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகே காலமைன் லோஷன் வாங்கினேன்.

துத்தநாக ஆக்சைடும் சிறிதளவு இரும்பு ஆக்சைடும் கலந்தது அது. இளஞ்சிவப்பு நிறம் இரும்பால் வருவது. தூள் அடியில் தங்கிவிடும், நன்றாகக் குலுக்க வேண்டும். முதல் நாள் குலுக்காமல் வெறும் நீரைப் பூசிவிட்டு, பயனில்லை என்று அழாத குறை. குலுக்கிப் பூசியபோது, ஈரம் உலர உலர வயிறு குளிர்ந்தது. அன்று பல நாள் கழித்துத் தூங்கினேன்.

குறையும் உண்டு. தோலை வறளச் செய்கிறது. மூன்றாம் நாள் வயிறெல்லாம் பூசியதில் அரிப்பு கூடியது. இப்போது வெதுவெதுப்பான நீரில் குளித்து, ஈரம் காயுமுன் வாசனையில்லாத ஈரப்பத கிரீம் தடவுகிறேன். லோஷன் அரிக்கும் இடத்தில் மட்டும். சொறிந்து புண்ணான இடத்தில் வைப்பதில்லை. இரவு உடையில் இளஞ்சிவப்புத் தூள் ஒட்டுவதை நான் பொருட்படுத்தவில்லை.

32-ஆவது வாரத்தில் உள்ளங்கால் அரித்தது, பிறகு உள்ளங்கை. தடிப்பு எதுவும் இல்லை, இரவில்தான் அதிகம். லோஷன் துளியும் உதவவில்லை. மருத்துவரிடம் சொன்னதும் அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக வடியாமல், பித்த அமிலம் ரத்தத்தில் கூடும் கோளாறாக இருக்கலாமாம். அளவு மிகவும் கூடினால் குழந்தைக்கு ஆபத்து. எனக்கு அளவு சரியாக இருந்தது. ஆனால் அரிப்பு முதலில் வந்து, ரத்தத்தில் மாற்றம் பின்னால் தெரிவதும் உண்டு என்பதால், அடுத்த வாரம் மறுபடியும் எடுக்கச் சொன்னார். அதுவும் சரியாக வந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். நான் வாங்கிய பாட்டிலின் அட்டையில் உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் ஒன்றைக் குறைத்தேன். உங்களுக்கு அங்கே அரித்தால், சிறுநீர் அடர்நிறமாகப் போனால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை பொறுக்காதீர்கள். அன்றே மருத்துவரை அழையுங்கள்.