கிளைக்குவியலைக் கரைக்கும் பெட்ரோல் சிப்பர்: ஒரு மதிப்புரை

வெட்டிப் போட்ட கிளைகளின் குவியலில் பெரும்பகுதி வெற்றிடம்தான். கொப்புகளும் வளார்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், சிறிதளவே உள்ள மரப்பொருள் ஆள் உயரத்துக்கு எழுந்து நிலத்தின் ஒரு மூலையை முழுவதுமாக அடைத்துக்கொள்கிறது. அதே குவியலைச் சீவல்களாக்கினால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு, சில சமயம் பத்தில் ஒரு பங்கு இடமே போதுமானது. கிளைகளைச் சீவும் சிப்பர் இயந்திரத்தை வாங்குவதற்கான முதன்மையான நியாயம் இதுவே. வீட்டுத் தோட்டங்களுக்கும் சிறு தோப்புகளுக்கும் என்று விற்கப்படும் பெட்ரோல் சிப்பர் ஒன்றைப் பல கவாத்துப் பருவங்களில் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். இயந்திரம் நல்லது, ஆனால் அதன் நன்மை, கிளைகளை வெட்டும்போதே தரம் பிரித்து அடுக்குபவருக்குத்தான் முழுமையாகக் கிடைக்கும். இந்த நிபந்தனையை எந்த விளம்பரமும் சொல்வதில்லை என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அமைப்பு. 212 சிசி கொள்ளளவும் சுமார் 7 குதிரைத்திறனும் கொண்ட ஒற்றை சிலிண்டர் எஞ்சின், வி-பெல்ட் வழியாகக் கனமான எஃகுத் தட்டு ஒன்றைச் சுழற்றுகிறது. தட்டில் பொருத்திய பிளேடுகள், சட்டத்தில் அசையாமல் நிற்கும் எதிர் பிளேடின் மீது உரசிவிடாத அளவுக்கு நெருக்கமாகக் கடந்து செல்லும்போது, இடையில் அகப்படும் கிளை சீவப்படுகிறது. தட்டின் கனமே இங்கு பாதி வேலையைச் செய்கிறது. எஞ்சின் சேமித்துக் கொடுத்த சுழற்சி வேகத்தைக் கிளை ஒவ்வொரு வெட்டிலும் சிறிது உறிஞ்சிக்கொள்வதால், வேகம் குறையும் ஓசை கேட்டதும் கிளையை நிறுத்திப் பிடித்து, தட்டு மீண்டும் முழு வேகத்துக்கு வந்த பின் தொடர வேண்டும். இதே எஞ்சின் அளவிலும் இதே அமைப்பிலும் பல நிறுவனங்கள் வெவ்வேறு நிறங்களில் இயந்திரங்களை விற்கின்றன. ஆகவே ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்வதைவிட இந்த வகையைப் பற்றிப் பேசுவதே வாசகருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

இதன் பெட்டியின் மீது 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிளை வரை சீவும் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. அது பொய்யில்லை, பச்சையான, மென்மையான, நேரான கிளை என்றால் அந்தத் தடிமனையும் இயந்திரம் மெல்ல உள்ளே வாங்கிக்கொள்கிறது. ஆனால் 75 மில்லிமீட்டர் கிளையின் வெட்டுப்பரப்பு 50 மில்லிமீட்டர் கிளையினுடையதைப் போல இரண்டேகால் மடங்கு என்பதை நினைவில் வைத்தால், தடிமன் சிறிது கூடும்போதே இயந்திரம் ஏன் அவ்வளவு திணறுகிறது என்பது புரியும். காய்ந்து இறுகிய வன்மரத்துக்கு 50 மில்லிமீட்டரையே எல்லையாகக் கொள்ளும்படி சொல்வேன். கவட்டையாகப் பிரியும் கிளைகள் எவ்வளவு மெல்லியனவாக இருந்தாலும் வாய்க்குள் நுழையாமல் குறுக்கே நின்றுவிடும். அவற்றின் பக்கக் கொப்புகளை முன்கூட்டியே அரிவாளாலோ கிளைக் கத்தரியாலோ கழித்தாக வேண்டும். உண்மையில், குவியலைச் சீவுவதற்கு ஆகும் நேரத்தில் பெரும்பகுதி இந்தக் கழிக்கும் வேலைக்கே போகிறது.

மேற்புறம் அகலமாக உள்ள இரண்டாவது வாய் இலைதழைகளுக்கானது. அங்கு பிளேடுகளுக்குப் பதில் ஆடும் எஃகுச் சம்மட்டிகள் அடித்துத் தூளாக்கி, தூளைச் சல்லடை வழியாக வெளியே தள்ளுகின்றன. காய்ந்த சருகு அதில் அழகாகத் தூளாகிறது. ஈர இலைகளைப் போட்டால் சல்லடைக் கண்கள் அடைத்துக்கொண்டு உள்ளே களிபோல் அப்பிவிடுகின்றன. பனை, தென்னை போன்றவற்றின் நார்மிக்க மட்டைகளை இதில் போடவே கூடாது. நார் அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டால் மூடியைக் கழற்றிக் கத்தியால் அறுத்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி நான் முதலில் குறிப்பிட்ட தரம் பிரித்தலுக்கு வருகிறேன். கிளைகளை வெட்டியபடி ஒரே இடத்தில் வீசிக் குவித்தால், பின்னர் ஒன்றை இழுக்க ஒன்பது சேர்ந்து வரும். அந்தச் சிக்கலோடு போராடுவது சீவுவதைவிடக் களைப்பானது. வெட்டும்போதே அடிப்பக்கங்கள் அனைத்தும் ஒரே திசையை நோக்கும்படி அடுக்கினால், இயந்திரத்தை அந்தத் திசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாக அடிப்பக்கத்தை முதலில் விட்டு ஊட்ட முடியும். அடுக்கையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும். மணிக்கட்டைவிடத் தடித்தவை விறகாகவோ பாத்தியின் வரப்புக் கட்டையாகவோ போகட்டும். விரல் தடிமனுக்குக் குறைந்த தளிர்க்கிளைகளையும் இலைகளையும் வெட்டி நேராக மக்கும் குவியலில் சேர்த்துவிடலாம். அவற்றைச் சீவுவதில் இயந்திரத்துக்கும் நமக்கும் லாபமில்லை. இரண்டுக்கும் இடைப்பட்டவைதாம் இந்த இயந்திரத்துக்கு உரியவை. இந்தப் பிரிவினைக்குப் பிறகு இயந்திரம் ஓட வேண்டிய நேரம் பெரிதும் குறைகிறது. பெட்ரோலும், பிளேடின் கூரும், அயலாரின் பொறுமையும் மிச்சமாகின்றன.

பச்சையாக இருக்கும்போதே சீவிவிடுவது மிக முக்கியம். ஈரமுள்ள மரம் மென்மையாக வெட்டுப்படும். மாதக்கணக்கில் வெயிலில் கிடந்து உலர்ந்த கிளை பிளேடை விரைவில் மழுங்கச் செய்யும், தூசியையும் கிளப்பும். கிளைகளை மண்ணில் இழுத்து வருவதும் கேடுதான், ஏனெனில் பட்டையில் ஒட்டிய மணல், மரத்தைக் காட்டிலும் பல மடங்கு வேகமாகப் பிளேடின் கூர்மையைத் தின்கிறது. பழைய வேலிக் கம்பியோ ஆணியோ பதிந்த கிளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிளேடு மழுங்கியதைக் கண்டறிய வெளியே விழும் சீவலைப் பார்த்தாலே போதும். கூரான பிளேடிலிருந்து ஓரம் தெளிந்த தட்டையான சில்லுகள் வரும். மழுங்கியதிலிருந்து நார்நாராகக் கிழிந்த துண்டுகளும் தூளும் வரும், கிளையும் தானாக உள்ளே இழுபடாமல் துள்ளும். பிளேடின் இரு ஓரங்களும் வெட்டுவதற்கு ஏற்றவை என்பதால் ஒருமுறை திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். சாணை பிடிக்கும்போது எல்லாப் பிளேடுகளிலும் சம அளவே தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டின் சமநிலை கெட்டு இயந்திரம் முழுவதும் அதிரத் தொடங்கும். இந்த இடத்தில் எனக்கு உள்ள பெரிய குறை, பிளேடுக்கும் எதிர் பிளேடுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை நான் வாங்கிய இயந்திரத்தின் கையேடு எண்ணால் சொல்லவில்லை என்பதாகும். "நெருக்கமாக வைக்கவும்" என்ற ஒற்றை வரியை நம்பி ஒருவர் எப்படிப் பராமரிப்பார்? போல்ட்டுகளை அடையவும் முழுக் கவசத்தைக் கழற்ற வேண்டியிருக்கிறது. அடிக்கடி செய்ய வேண்டிய ஒரு வேலையை இவ்வளவு கடினமாக்குவது வடிவமைப்பின் பிழை என்றே சொல்வேன்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை எந்தச் சமரசமும் கூடாது. எஞ்சினை அணைத்த பிறகும் கனமான தட்டு வெகுநேரம் சுழன்றுகொண்டிருக்கும். அது முற்றிலும் நின்று, ஸ்பார்க் பிளக்கின் இணைப்பைப் பிடுங்கி விலக்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சிக்கிய துண்டைக் கையால் தள்ளாமல் இன்னொரு கிளையால் தள்ள வேண்டும். வாய்க்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று ஊட்டினால், துள்ளும் கிளை முகத்தில் அடிக்காது. தோளில் தொங்கும் துண்டு, தளர்ந்த கைப்பட்டை கொண்ட கையுறை, வளையல் ஆகியவை கிளையோடு சேர்ந்து இழுபடக்கூடியவை. ஒலியையும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்தகைய இயந்திரத்தின் அருகே 100 டெசிபலை எட்டுவது இயல்பு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரையே இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடுதலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்றும் வரையறுத்துள்ளது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம் மட்டுமே. செவிக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் எஞ்சினைத் தொடவே வேண்டாம். அரளி போன்ற நச்சுச் செடிகளின் கிளைகளை நான் இதில் போடுவதில்லை. அவற்றின் தூசியைச் சுவாசிப்பதும், சீவல் கால்நடைகள் மேயும் இடத்தில் விழுவதும் ஆபத்தானவை.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கும் சீவல்தான் என்னை இந்த இயந்திரத்தின் பக்கம் நிற்க வைக்கிறது. மரத்தடிகளில் 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படுகிறது, களை முளைப்பது குறைகிறது, மழைத்துளி நேராக மண்ணைத் தாக்குவதும் நிற்கிறது. அடிமரத்தை ஒட்டி ஒரு சாண் இடத்தை மட்டும் வெறுமையாக விட வேண்டும். பட்டையைத் தொட்டபடி ஈரச் சீவல் கிடந்தால் அழுகல் வரும். மரச்சீவல் மண்ணின் தழைச்சத்தை (நைட்ரஜனை) உறிஞ்சிவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. மண்ணோடு கலந்து உழுதால் அது ஓரளவு உண்மை. மேலே பரப்பும்போது அந்த விளைவு மண்ணும் சீவலும் தொடும் மெல்லிய அடுக்கோடு நின்றுவிடுகிறது. மக்க வைப்பதென்றால் கணக்கு வேறு. மக்கும் குவியலுக்குக் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 30க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பது உகந்தது. தடித்த மரத்தில் அது நூற்றுக்கணக்கில் இருக்க, இளங்கொப்புகளில் கணிசமாகக் குறைவு. ஆகவே சீவலோடு பச்சைப்புல்லையோ சாணத்தையோ தாராளமாகச் சேர்க்க வேண்டும். ஈரச் சீவலை மலைபோல் குவித்து மறந்துவிடுவதும் கூடாது. பெரிய குவியலின் உட்புறம் தானாகச் சூடேறும். மிகப் பெரிய குவியல்கள் தாமாகவே தீப்பற்றுவதும் உண்டு.

மின்சாரத்தில் ஓடும் உருளை வகை இயந்திரங்கள் இதற்கு நேர் மாறானவை. பற்கள் கொண்ட உருளை நிமிடத்துக்குச் சுமார் 40 சுற்று என்ற வேகத்தில் மெதுவாகச் சுழன்று, கிளையைத் தானே இழுத்து நசுக்கி வெட்டுகிறது. ஓசை மிகவும் குறைவு, பராமரிப்பும் எளிது. ஆனால் எல்லை பெரும்பாலும் 40 முதல் 45 மில்லிமீட்டர் வரைதான், வேகமும் குறைவு. வேலியோரப் புதர்களையும் சில பழமரங்களையும் மட்டும் கவாத்து செய்பவருக்கு அதையே பரிந்துரைப்பேன். புயலில் முறிந்த மரங்களை ஒரே ஒருமுறை அகற்ற வேண்டியவர் எதையும் வாங்காமல், வாடகைக்கு எடுப்பதோ பெரிய இயந்திரத்தோடு வரும் ஆட்களை அழைப்பதோ மேல்.

தீயிடுவதை நான் மாற்று வழியாகக் கருதவில்லை. பச்சைக் கிளைகள் முழுமையாக எரியாமல் புகைகின்றன. அந்தப் புகையில் உள்ள 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்கின்றன, காற்று திரும்பினால் தீ எங்கு போகும் என்பதும் நம் கையில் இல்லை. மாறாக, வீட்டிலிருந்து 10 மீட்டராவது தள்ளி, தடித்த கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடியில் வைத்து அமைக்கும் ஒரு சிறு குவியலை அப்படியே விட்டுவைப்பதை மனமார ஆதரிக்கிறேன். பறவைகளும் ஓணான்களும் வண்டுகளும் அதில் தங்கும். பாம்பும் வரலாம் என்பதால்தான் அந்தத் தூரம். பல நாள் கிடந்த எந்தக் குவியலையும் சீவுவதற்கு முன் கம்பால் மெல்லக் கிளறி, கூடோ குட்டிகளோ உள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும். இருந்தால் அவை வெளியேறும் வரை காத்திருக்கலாம்.

ஆண்டுதோறும் கவாத்து செய்யும் அளவுக்கு மரங்கள் வைத்திருந்து, சீவலைத் தன் நிலத்திலேயே பயன்படுத்தப் போகிறவர் இந்தப் பெட்ரோல் வகையைத் தயங்காமல் வாங்கலாம். வாங்கும் முன் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்: மாற்றுப் பிளேடும் பெல்ட்டும் தனியாகக் கிடைக்குமா, பிளேடு இடைவெளி எவ்வளவு என்று எழுத்தில் தருவார்களா, பிளேடைக் கழற்ற எத்தனை போல்ட்டுகளை அவிழ்க்க வேண்டும். மூன்றாவதைக் கடையிலேயே, இயந்திரத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிடுவது நல்லது.