புல் பத்தை பதிக்க ஆள் வைத்தோம்: மேஸ்திரி ஜெயித்தார், ஆபீஸ் கோட்டை விட்டது

புல் பத்தை, அதாவது வேரும் மண்ணுமாக வெட்டி, ரோலாகச் சுருட்டி விற்கும் புல், யாரிடம் வாங்கினாலும் முதல் நாள் அழகாகத்தான் இருக்கும். வேர் அறுபட்ட புல்கூட ஓரிரு நாள் பச்சையைக் காட்டும். அதனால் பதித்த கையோடு எழுதப்படும் ஐந்து நட்சத்திர விமர்சனங்களை நான் நம்புவதில்லை. எங்கள் தரை வேர் பிடித்து, சில முறை வெட்டும் பட்டபிறகுதான் இதை எழுதுகிறேன். வேலைக்கு ஐந்துக்கு நாலரை, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு.

முதலில் வேலை. மேஸ்திரி வந்த அன்று ஒரு ரோல் புல்கூடக் கொண்டுவரவில்லை. தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "மேடம், கோரை இருக்கு. அதை எடுக்காம மேல புல் போட்டா, புல்லைப் பொத்துக்கிட்டு வரும்" என்றார். மேலாகச் செதுக்கினால் கோரை போகாது. கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். முள்கொத்தால் கிளறி, கையால் பொறுக்கி எடுத்தார்கள். எனக்கே அலுப்பாக இருந்தது, அவர்களுக்கு இல்லை. நாங்கள் விசாரித்த இன்னொரு நிறுவனம், பழைய புல்லின் மேலேயே ரோலை விரித்துவிடலாம் என்று சொல்லியிருந்தது. பத்தையின் வேர் நேராக மண்ணைத் தொட்டால்தான் இறங்கும். நடுவில் பழைய புல் கிடந்தால் ஒன்று அழுகும், இல்லையென்றால் மறுபடி முளைக்கும்.

அப்புறம் 15 செ.மீ. ஆழத்துக்கு மண்ணைக் கொத்தி, மக்கிய உரம் கலந்து, கயிறு கட்டி மட்டம் பார்த்தார்கள். சுவரிலிருந்து தண்ணீர் விலகி ஓடும்படி லேசான சரிவு. மண் படியட்டும் என்று தண்ணீர் தெளித்து, பள்ளம் விழுந்த இடங்களை மறுபடி நிரப்பினார்கள். நடைபாதையை ஒட்டிய மண்ணை மட்டும் 2 செ.மீ. போலத் தாழ்த்தி விட்டார்கள். பத்தைக்கே ஒரு கனம் உண்டு இல்லையா? அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் புல்தரை பாதையைவிட மேடாக நிற்கும், புல் வெட்டும் மிஷினின் பிளேடு ஓரத்தைச் சுரண்டும்.

ஆபீஸில் பேசியவர், நாங்கள் கேட்ட பெர்முடா "எல்லா இடத்துக்கும் ஒத்துவரும்" என்றிருந்தார். பெர்முடா நம் அருகம்புல் ஜாதி. அதற்கு நல்ல வெயில் வேண்டும். நிழலில் நாளடைவில் மெலிந்து சொட்டை விழும். மரத்தடிக்குப் புல் வேண்டாம் என்று மேஸ்திரிதான் தடுத்தார். அங்கே வட்டமாக விட்டு, மரத்தூளும் சருகும் பரப்பினோம். கம்பெனிக்குச் சில ரோல்கள் விற்பனை குறைந்தது. அந்த மனிதருக்கு அதற்காகவே தனியாக அரை நட்சத்திரம்.

இனி வயிற்றெரிச்சல். புல் வண்டி உச்சி வெயிலில் வந்தது. அடுக்கின் நடுவில் கையை விட்டால் சுட்டது. வெட்டி எடுத்த புல்லும் மூச்சு விடும். சுருட்டி அடுக்கினால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே புழுங்கும். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் தரையில் விரித்துவிட வேண்டும், வெயில் காலத்தில் அதற்கும் முன்பே. "இன்னைக்குக் காலையில வெட்டினதுதான்" என்றார் டிரைவர். நடு ரோல்களை விரித்தால் மஞ்சள் பூத்து, புளித்த வாடை. மேஸ்திரி எதுவும் பேசாமல் அவற்றை ஓரமாக எடுத்து வைத்தார். ஆபீஸுக்குப் போன் செய்தால், "தண்ணி விட்டா பச்சையாயிடும் மேடம்" என்று பதில். போராடித்தான் மாற்று ரோல்கள் வாங்கினோம். தாமதமாக வந்த அவற்றை மேற்கு மூலையில் பதித்தது இன்றைக்கும் நிற வித்தியாசத்தில் தெரிகிறது.

பதித்த விதத்தில் குறையே இல்லை. நேரான ஓரத்திலிருந்து தொடங்கி, செங்கல் கட்டுவதுபோல இணைப்புகள் ஒன்றுக்கு நேரே ஒன்று வராமல் மாற்றி மாற்றி வைத்தார்கள். விளிம்போடு விளிம்பு நெருக்கினார்கள். ஒன்றன் மேல் ஒன்று ஏறவில்லை, இழுத்து நீட்டவும் இல்லை. இழுத்து வைத்த பத்தை காய்ந்தால் சுருங்கி இடைவெளி விடும். துண்டு துக்காணிகளை ஓரத்தில் போடாமல் நடுவில் கொடுத்தார்கள், ஓரம்தானே முதலில் காயும். பலகை போட்டு அதன் மேல் முட்டி போட்டார்கள். முழுவதும் முடியட்டும் என்று காத்திராமல், ஒரு பகுதி முடிந்ததுமே ரோலர் ஓட்டித் தண்ணீர் விட்டார்கள்.

பராமரிப்புக் குறிப்பு என்று ஆபீஸ் கொடுத்த தாளில் இருந்தது ஒரே வரி: "தினமும் இரு வேளை தண்ணீர் விடவும்." எத்தனை நாளைக்கு என்று இல்லை. அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டால் வேர் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், பூஞ்சணமும் வரும். முதல் இரண்டு வாரம் பத்தையும் அதன் அடிமண்ணும் காயக்கூடாது என்பது சரி. ஆனால் வேளைக் கணக்கு பார்க்காமல் மூலையைத் தூக்கி அடிமண்ணைத் தொட்டுப் பார்ப்பதுதான் என் வழக்கம். மூலை தூக்க வராமல் பிடித்துக்கொண்டதும் இடைவெளி விட்டு, விடும்போது ஆழமாக விட ஆரம்பித்தேன். வேர் பிடித்த தரைக்கு மழையோடு சேர்த்து வாரம் 25 மி.மீ. போல விட்டு, புல்லைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். தெளிப்பானுக்கு அடியில் காலி டப்பாக்களை வைத்தால் எவ்வளவு விழுகிறது என்று தெரிந்துவிடும். அதிகாலைதான் நல்லது, இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் நோய்க்கு அழைப்பு. புல் நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்குப் போனாலோ, மிதித்த தடம் எழும்பாமல் நின்றாலோ தாகம் என்று அர்த்தம். நடைபாதை ஓரத்துக்கு மட்டும் தனியாக ஹோஸ் பிடிக்க வேண்டியிருந்தது. என் கணவர் அதைத் தன் காலை நடையாக மாற்றிக்கொண்டார்.

முதல் வெட்டு இலவசம் என்று பேச்சு. காலண்டரைப் பார்த்து ஒரு பையனை அனுப்பிவிட்டார்கள். நான் மூலையைத் தூக்கிக் காட்டினேன், அது கையோடு வந்தது. "இதுல மிஷின் ஏத்துனா சுருட்டிக்கிட்டு வந்துடும் தம்பி, அப்புறம் வா" என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது பிளேடு கூராக இருந்தது. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் வெட்டினான். அவன் கையிலேயே தழைச்சத்து உரப் பாக்கெட் ஒன்றையும் விற்கக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். புது வேருக்கு அந்த அவசரம் ஆகாது. இலைதான் கொழுக்கும், வெட்டும் வேலையும் கூடும். வாங்கவில்லை.

அவர்களைக் கூப்பிடலாமா என்றால், அதே மேஸ்திரி வருவதாக இருந்தால் கூப்பிடலாம். உத்தரவாதத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "தண்ணீர் போதாமையால் காய்ந்தால் பொறுப்பல்ல" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. எந்த மஞ்சளையும் அதற்குள் அடக்கிவிடலாம். புல் எப்போது வெட்டியது என்பதை பில்லில் எழுதச் சொல்லுங்கள். இறக்கும்போதே நடு ரோல்களை விரித்துப் படம் எடுத்துவிடுங்கள். எங்களுக்கு மாற்று ரோல் வந்தது அந்தப் படங்களை அனுப்பிய பிறகுதான்.