குழைந்த மணல்: நிலநடுக்கமா, வெள்ளமா?

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் என் மகள் ஈர மணலை மிதித்து மிதித்துக் கூழாக்குவாள். துகள்களுக்கு இடையே சிக்கிய நீரின் அழுத்தம் ஏற, துகள்கள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டுவிடுகின்றன. பழைய மணற்படிவுகளில் சுருண்டும் மடிந்தும் கிடக்கும் அடுக்குகள் பலவற்றின் கதையும் இதுதான். ஆனால், மிதித்த கால் யாருடையது?

நிலநடுக்கம் மணலை இளக்கும் என்பது கண்கூடு. 1964இல் ஜப்பானின் நீகாதாவில் மணல் இளகி, அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமல் அப்படியே சாய்ந்தன.

வெள்ளம் சத்தமில்லாமல் அதே வேலையைச் செய்யும். ஆறு அவசரமாகக் கொட்டிய மணல், அடியில் இருக்கும் இளஞ்சேற்றில் புதையும். சேறு தீச்சுடர் போல மேலே பீறிடும். மேலே ஓடும் நீர், இளகிய சாய்வடுக்குகளை இழுத்துக் கவிழ்த்துவிடும்.

வடிவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே கோலத்தைப் போடும். கலையாத அடுக்குகளுக்கு நடுவே ஒரே அடுக்கு மட்டும் பல கிலோமீட்டர் குழம்பியிருந்தால் நடுக்கத்தைச் சந்தேகிக்கலாம். குழப்பம் ஆற்றின் பழைய வாய்க்காலோடு நின்றுவிட்டால் வெள்ளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நெளிந்த அடுக்கைக் கண்டதுமே 'பூகம்பம்' என்று கூவுபவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

சிங்கப்பூரின் கிழக்கே நிலத்தடியில் இருக்கும் 'பழைய வண்டல்' என்னும் படிவு, ஆறு கொண்டுவந்த மணலும் சரளையும்தான். சுமத்ரா நடுங்கினால் இங்கே உயரமான புளோக்குகள் ஆடுவது உண்மை. ஆனாலும் அந்த வண்டலில் ஒரு மடிப்பைக் கண்டால் முதலில் ஆற்றைத்தான் விசாரிப்பேன்.