எங்க டவுன் அரசாங்க ஆஸ்பத்திரி, ஆம்பளைங்க வார்டு: 5க்கு 4 ஸ்டார்

மலேசியாவுல பேராக் பக்கம், சுத்தி செம்பனைத் தோட்டம் இருக்கற டவுன்தான் எங்களுது. சித்தப்பாவுக்கு லிவர் சுருங்கி வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு, ஊசி குத்தி எடுக்கணும்னு அட்மிட் பண்ணாங்க. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆவுதுன்னு காட்டற ஐஎன்ஆர் ரத்த டெஸ்ட்ல 1.8, சாதாரணமா 1 கிட்ட இருக்கணும். போன தடவ வேற எடத்துல பிளாஸ்மா (ரத்தத்துலருந்து பிரிச்ச, உறைய வைக்கற சத்து இருக்கற மஞ்சத் தண்ணி) ஏத்திட்டுத்தானே குத்துனாங்க, இங்க ஏன் ஏத்தல, காசு மிச்சம் புடிக்கிறீங்களான்னு சித்தி மிஸ்ஸிகிட்ட, அதான் நர்ஸ்கிட்ட, சத்தம் போட்டுட்டாங்க.

மிஸ்ஸி மொகம் சுளிக்கல, போயி டாக்டரக் கூட்டிட்டு வந்தாங்க. நம்ம தமிழ்ப் புள்ள, ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, "ஆண்டி, ஐஎன்ஆர், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திர சாப்புடறவங்களுக்காக வந்த கணக்கு. லிவர் கெட்டா ரத்தத்த உறைய வைக்கற சத்தும் கொறையும், உறைய விடாம தடுக்கற சத்தும் சேந்தே கொறையும், இந்த நம்பர மட்டும் வெச்சு ரத்தம் கொட்டும்னு சொல்ல முடியாது"ன்னாங்க. பிளாஸ்மா ஏத்துனாலும் 1.8 பெருசா எறங்காதாம். அதோட கிலோவுக்கு 10லருந்து 15 மில்லின்னா 60 கிலோ ஆளுக்கு 600லருந்து 900 மில்லி உள்ள போவுது, ஏற்கனவே தண்ணி கோத்த ஒடம்பு, நுரையீரல்ல தண்ணி சேந்து மூச்சு முட்டலாம், அலர்ஜியும் வரலாம். அமெரிக்க லிவர் டாக்டருங்க சங்கத்து வழிகாட்டியிலயும் வயித்துத் தண்ணி எடுக்கறதுக்கு முன்கூட்டியே வழக்கமா பிளாஸ்மா வேணாம்னுதான் இருக்கு. நெஜமாவே ரத்தம் போனா அப்ப பேச்சே வேற.

ஸ்கேன் வெச்சு எடம் பாத்து அடிவயித்துல இடது பக்கம் குத்துனாங்க. 5 லிட்டருக்கு மேல எடுத்ததால அல்புமின்ங்கற ரத்தப் புரதத்த ஏத்துனாங்க, சித்தி அதத்தான் பிளாஸ்மான்னு நெனச்சு நிம்மதி ஆயிட்டாங்க, ஆனா அது பிரஷர் எறங்கி கிட்னி கெடாம இருக்கறதுக்கு. ஊசிய உருவுனப்ப பஞ்சுல லேசா செவப்பு, அவ்வளவுதான். அப்பறம் மஞ்சத் தண்ணிதான் கசிஞ்சு பிளாஸ்டர் நனைஞ்சுச்சு, மிஸ்ஸி சலிச்சுக்காம மாத்தி மாத்தி ஒட்டுனாங்க.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, இவ்வளவு வெளக்கத்தையும் கையெழுத்து வாங்கறப்பவே சொல்லிருக்கணும், சத்தம் போட்டாத்தான் வரும்னா எப்புடி? ஃபாரம் முழுக்க மலாய்ல இருக்கு, தோட்டத்துலருந்து வர்ற வயசானவங்க எத்தன பேருக்கு அது படிக்க வரும். போறவங்க வீட்டுல சாப்புடற மருந்தெல்லாம் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, ரத்தம் உறையாம இருக்கறதுக்கான மாத்திர இருந்தா மொதல்ல அதக் காட்டுங்க, நாட்டு மருந்தயும் மறைக்காதீங்க.