ஜாஸுக்கு ஏற்றிய சுருதி: கோட்டட் அம்பாஸடர் ஹெட்டுகளுடன் குன்னூரில் ஓராண்டு

சென்ற தை மாதம் என்னுடைய டிரம் செட்டில் இருந்த, டிரம்மின் வாயில் இழுத்துக்கட்டும் சவ்வுகளான ஹெட்டுகள் அனைத்தையும் ஒரே நாளில் கழற்றிவிட்டு, ரெமோ நிறுவனத்தின் அம்பாஸடர் வகை ஹெட்டுகளைப் பூட்டினேன். மேற்பக்கத்தில் வெள்ளைப் பூச்சுள்ள கோட்டட் அம்பாஸடர், டாம்களின் (கம்பியில்லாத நடுத்தர டிரம்கள்) அடியில் பூச்சில்லாத கிளியர் அம்பாஸடர், கீழே கம்பிகள் ஓடும் ஸ்னேர் டிரம்மின் அடியில் அதற்கென்றே செய்யப்படும் மெல்லிய ஹேஸி அம்பாஸடர். ஜாஸ் வாசிப்பதற்காகச் செட் முழுவதையும் உயர்ந்த சுருதியில் நிறுத்துவதே நோக்கம். ஒரு கோடை, தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழை, ஒரு பனிக்காலம் ஆகியவற்றைக் கடந்துவிட்ட பிறகு எழுதுவதால், கடையில் நின்று தட்டிப் பார்த்துச் சொல்லும் கருத்தாக இது இருக்காது.

என்னுடையது 18 அங்குல பேஸ் டிரம், 12 அங்குல டாம், 14 அங்குல ஃப்ளோர் டாம், ஐந்தரை அங்குல ஆழமுள்ள 14 அங்குல ஸ்னேர் கொண்ட சிறிய செட். ஜாஸில் சிறிய செட்டும் ஏற்றிய சுருதியும் சேர்ந்தே வருவதற்குக் காரணம் உண்டு. 1940களில் பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணி உருவானபோது, தாளத்தின் ஓட்டத்தை டிரம்மர் கென்னி கிளார்க் பேஸ் டிரம்மிலிருந்து ரைடு சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டுக்கு மாற்றினார். அதன்பின் டிரம்களுக்கு வேறு வேலை கிடைத்தது. நடுவில் ஒரு கேள்வி கேட்பதும், சாக்ஸபோன் முடித்த இடத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு போவதும் அவற்றின் பொறுப்பாயின. டிரம்மர் மாக்ஸ் ரோச் டாம்களில் வாசித்ததை மெட்டு என்றே சொல்லலாம். 1963இல் பதினேழு வயதில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்த டோனி வில்லியம்ஸ் 18 அங்குல பேஸ் டிரம்மையே அப்படிப் பேசவைத்தார். ஒலி தாழ்ந்து உருண்டு நீளுமானால் விரைந்து வரும் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டபுள் பேஸ் என்ற பெரிய தந்திவாத்தியத்தின் கீழ்ச் சுரங்களும் அதில் மூழ்கிவிடும். சுருதியை ஏற்றும்போது ஒவ்வோர் அடியும் தனித்து நிற்கிறது, குச்சியும் துள்ளி மேலே வருகிறது.

இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தும் நான் பல ஆண்டுகள் தவறாகவே செய்துவந்தேன். அப்போது என் டாம்களில் இருந்தவை இரட்டை அடுக்கு ஹெட்டுகள். மேல் ஹெட்டை மட்டும் டிரம் கீ என்ற திருகுச் சாவியால் முறுக்கிக்கொண்டே போனேன். அடி ஹெட்டைத் தொடவே இல்லை. சுருதி ஏறியது, ஆனால் ஒலி செத்துப்போனது. அட்டைப்பெட்டியைத் தட்டுவது போன்ற அந்த ஒலியைத்தான் ஜாஸ் டியூனிங் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கும் மேலே முறுக்கியபோது, ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் வளையமான, மெல்லிய தகட்டால் ஆன ஹூப் ஒரு பக்கம் வளைந்தது. ராட் என்னும் திருகாணியைப் பிடித்திருக்கும் லக் ஒன்றின் மரை தேய்ந்து, அந்த ராட் வழுக்கத் தொடங்கியது. சுருதி இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே உயர்கிறது. ஷட்ஜமத்திலிருந்து சுத்த மத்திமத்துக்கு ஏற்றவே இழுவிசை ஏறத்தாழ 1.78 மடங்காக வேண்டும். ஒரு ஸ்தாயி முழுவதும் ஏற்ற நான்கு மடங்கு வேண்டும். ஆகவே உயரே போகப்போக ஹூப்பும் லக்கும் சுமக்கும் பாரம் வேகமாகக் கூடுகிறது. மலிவான செட்டை ஜாஸுக்கு ஏற்ற நினைப்பவர்கள் ஹெட் வாங்கும் முன் ஹூப்பின் கனத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. 2.3 மில்லிமீட்டர் கனமுள்ள ஹூப் இந்தப் பாரத்தைத் தாங்கும்.

அம்பாஸடர் ஒற்றை அடுக்கு ஹெட். அதன் கனம் ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர். ஒரே அடுக்கு என்பதால் இழுத்த பிறகும் அது தடையின்றி அதிர்கிறது. முன்பு நான் இழந்த உயிர் அந்த அதிர்வில்தான் இருந்தது. மேலே உள்ள வெள்ளைப் பூச்சின் சொரசொரப்பு இல்லாமல் பிரஷ் (மெல்லிய கம்பிக் கற்றை) வாசிப்பே இல்லை. மெதுவான பாடல்களில் பிரஷ்ஷை ஸ்னேரின் மேல் வட்டமாக இழுக்கும்போது எழும் அந்த நீண்ட மூச்சு ஒலி வழவழப்பான ஹெட்டில் வராது. பூச்சு மேலோசைகளையும் (அடிப்படை ஒலியோடு அதற்கு மேலே எழும் ஒலிகள்) சற்றுத் தணிப்பதால், உயர்ந்த சுருதியில்கூட ஒலி கண்ணாடி போலக் கூர்மையாகிவிடாமல் கொஞ்சம் சதைப்பற்றோடு இருக்கிறது.

பூட்டும் முறையில் நான் கற்றுக்கொண்டவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பொறுமையின்றி ஏற்றிய நல்ல ஹெட் மோசமான ஹெட்டைப் போலவே ஒலிக்கும். டிரம்மின் உடலான ஷெல்லின் விளிம்பைத் துணியால் துடைத்து, ஹெட்டையும் ஹூப்பையும் வைத்து, எல்லா ராடுகளையும் விரலாலேயே முடிந்தவரை திருகிவிட வேண்டும். பிறகு ஒரு ராடுக்கு அரைச் சுற்று, அடுத்து அதற்கு நேரெதிரே உள்ள ராடுக்கு அரைச் சுற்று என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். சுருக்கங்கள் மறைந்ததும் உள்ளங்கையால் நடுவில் அழுத்தினால் நொறுங்குவது போல ஒரு சத்தம் கேட்கும். என்னிடம் கற்றுக்கொள்ளும் மாணவன் பதறிப்போய், “சார், கிழிஞ்சுடப் போகுது!” என்று கையைப் பிடித்துக்கொண்டான். அது கிழியும் சத்தம் இல்லை. ஹெட்டின் வளையத்துக்குள் இருக்கும் பசை இளகி இடம்பிடிக்கும் சத்தம். அன்றிரவு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலை பார்த்தால் சுருதி இறங்கியிருக்கும். உண்மையான டியூனிங் அப்போதுதான் தொடங்குகிறது. நடுவில் ஒரு விரலை மெல்ல வைத்துக்கொண்டு, ஒவ்வொரு லக்குக்கும் ஓர் அங்குலம் உள்ளே தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுருதி வரும்வரை கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று சரிசெய்ய வேண்டும். மிருதங்கத்தில் கல்லும் மரக்கட்டையும் கொண்டு வார்க் கண்களைத் தட்டித் தட்டி வலந்தலையை (வலப்பக்கத் தோல்) சுருதி சேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதாக இராது.

ஆனால் மிருதங்கத்திடம் ஒரு பெரும் வசதி இருக்கிறது. அதன் வலந்தலை நடுவில் உள்ள கரும்பூச்சான கரணை மேலோசைகளை ஒழுங்கான மடங்குகளில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது, இதை சி. வி. ராமன் 1920இல் எடுத்துக்காட்டினார். டிரம்மின் வெறும் ஹெட்டில் முதல் மேலோசை அடிப்படை ஒலியின் 1.59 மடங்கில், எந்த முழு மடங்கோடும் ஒட்டாத இடத்தில் நிற்கிறது. எனவே டிரம்மில் தெளிவான சுருதி கிடைக்க வேண்டுமானால் மேல் ஹெட்டும் அடி ஹெட்டும் ஒத்துழைக்க வேண்டும். பலர் மேல் ஹெட்டை மட்டும் மாற்றிவிட்டு, செட்டோடு வந்த பழைய அடி ஹெட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் செலவில் பாதியை மிச்சப்படுத்தும் அந்த முடிவு பலனில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. இரண்டு ஹெட்டும் ஒரே சுருதியில் இருந்தால் ஒலி மிக நீளமாக நிற்கும். நான் அடி ஹெட்டைச் சற்று உயர்த்தி வைக்கிறேன். அடித்ததும் ஒலி வட்டமாகத் திரண்டு, அடுத்த சொல்லுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறது.

இப்போது என் 12 அங்குல டாம் ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸிலும், ஃப்ளோர் டாம் 110லும், பேஸ் டிரம் 82லும் நிற்கின்றன. மூன்றுக்கும் இடையில் ச–ம இடைவெளி. டாமில் தொடங்கி பேஸ் டிரம் வரை ஒரு சொற்கட்டை இறக்கிக்கொண்டு போனால், அது பாட்டின் ஒரு வரியைப் போலக் கேட்கிறது. எங்கள் பியானோக்காரர், தேயிலைத் தோட்டப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர், முதல் நாள் வாசித்து முடித்ததும், “தம்பி, இன்னைக்குத்தான் நீ என்ன சொல்றேன்னே எனக்குக் கேட்டுது” என்றார். கடந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டாக அதையே வைத்திருக்கிறேன்.

ஸ்னேரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடியில் உள்ள ஹேஸி ஹெட்டின் கனம் மேல் ஹெட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை நன்றாக இழுத்துக்கட்டினால், பிரஷ்ஷின் நுனி பட்டாலே கம்பிகள் பதில் சொல்கின்றன. மெல்லியது என்பதால் ஸ்னேரைத் தலைகீழாக வைக்கும்போது அதன்மேல் குச்சி, டிரம் கீ எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிகவும் உழைப்பு கேட்டது பேஸ் டிரம்தான். தேவாலயங்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் வாசித்துப் பழகிய நாம், பேஸ் டிரம் என்றாலே உள்ளே தலையணையைத் திணித்து, முன் ஹெட்டில் ஓட்டை போட்டு, அடியை மட்டும் எடுத்துக்கொள்ளப் பழகியிருக்கிறோம். ஜாஸில் ஓட்டையும் இல்லை, தலையணையும் இல்லை. இரு பக்கமும் முழு ஹெட். மேலோசை மிகுந்தால் ஹெட்டுக்கும் ஷெல்லுக்கும் இடையில் இரண்டு அங்குல அகலக் கம்பளிப் பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து மூடினால் போதும். நாங்கள் ஞாயிறு மாலைகளில் கூடுவது மரத்தளம் போட்ட ஒரு பழைய பங்களாவின் கூடத்தில். தலையணை வைத்த பேஸ் டிரம் அந்தத் தளத்தையே குலுக்கும், ஆனால் அதில் இசை இருக்காது. இப்போது பாதத்தின் எடையை மட்டும் கொண்டு, நான்கு எண்ணிக்கையும் கேட்டும் கேட்காமலும் ஓடும்படி மெல்ல வருடிக்கொண்டே போக முடிகிறது. வேண்டிய இடத்தில் ஓர் அடி கொடுத்தால் சுருதியோடு எழுகிறது. அதற்குப் பெடலின் பீட்டரை (ஹெட்டை அடிக்கும் சுத்தி) ஹெட்டில் அழுத்தி வைக்காமல், பட்டதும் திரும்பிவரவிடும் பழக்கம் வேண்டும். என் காலுக்கு அது வர நான்கு மாதங்கள் ஆயின.

இனி மலையின் சங்கதி. ரெமோ பெல்லி என்ற டிரம்மர் 1957இல் இந்த நிறுவனத்தைத் தொடங்கித் தம் பாலியெஸ்டர் ஹெட்டுகளுக்கு ‘வெதர் கிங்’ என்று பெயர் வைத்தார். அதற்குச் சற்று முன்புவரை டிரம்மர்கள் பெரும்பாலும் கன்றுத்தோலில்தான் வாசித்தார்கள். இங்கே ஒரு பழைய கிளப்பின் மூலையில், நடன இசைக் காலத்துப் பேஸ் டிரம் ஒன்று கன்றுத்தோலோடு இன்னும் இருக்கிறது. கார்மேகம் இறங்கி ஜன்னலில் மஞ்சு தட்டும் நாளில் அதைத் தொட்டால், நனைந்த துணியைப் போலத் தொய்ந்திருக்கும். பறை அடிப்பவர்கள் ஆட்டத்துக்கு முன் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சுவது அந்தத் தொய்வை எடுப்பதற்குத்தான். அம்பாஸடருக்கு ஈரம் ஒரு பொருட்டாக இல்லை. ஆனி, ஆடியின் சாரலிலும், எங்கள் பக்கத்தை அதிகம் நனைக்கும் ஐப்பசி மழையிலும் சுருதி நின்ற இடத்திலேயே நின்றது. வெப்பம்தான் அதை அசைக்கிறது. கணப்பு மூட்டிய அறையில் அரை மணி நேரத்தில் டாம்கள் சற்று இறங்கின. அதனால் செட்டைக் கணப்புக்கு எதிர்ச்சுவர் அருகே மாற்றிவிட்டேன். ஹெட் தாங்கினாலும் இரும்பு தாங்காது. ராடுகளின் மரையில் துரு பிடித்தால் நுட்பமான டியூனிங் முடியாது என்பதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன்.

பூச்சுள்ள எந்த ஹெட்டிலும், வாரத்தில் பல மணி நேரம் வாசிப்பவர்களுக்கு, நடுவில் பூச்சு தேயத்தான் செய்யும். ஸ்னேரில் அது முதலில் தெரியும். பிரஷ் வாசிப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஸ்னேரின் மேல் ஹெட்டை மாற்றும் செலவைக் கணக்கில் கொள்ள வேண்டும். டாம்களும் பேஸ் டிரம்மும் அதைவிட நெடுங்காலம் வரும். கனத்த அடி அடிப்பவர்களுக்கும், தாழ்ந்து அதிரும் சினிமாப்பாட்டு ஒலி வேண்டுபவர்களுக்கும் இந்த ஹெட்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு இரட்டை அடுக்கே பொருந்தும்.

இங்கே உள்ளூரில் எல்லா அளவும் கிடைக்காததால், வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து வரவழைத்தேன். முதல் பொதியில் 18 அங்குலத்துக்குப் பதிலாக 20 அங்குல ஹெட் வந்து, மாற்றி வாங்க மூன்று வாரம் காத்திருந்தேன். ஆர்டர் செய்யும்போது அளவு, பூச்சு உண்டா இல்லையா, பேஸ் டிரம்முக்கானதா ஃப்ளோர் டாமுக்கானதா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். 18 அங்குலத்தில் இரண்டு வகையும் உண்டு. கூடவே ஸ்னேருக்கு ஓர் உபரி ஹேஸி ஹெட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு அது கிழிந்தால், ஞாயிறு மாலைக்குள் மலைக்கு மேலே இன்னொன்று வந்து சேராது.